தாழ்ப்பாளில் மாட்டிய குழாய்

ஜூன் 4

அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் ஏதோ குழந்தை எழுதியது என்று நினைத்திருப்பீர்கள். நான்தான், உங்கள் நாத்தனார். நில அளவை அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் கோணாமல் கோடு போட்ட கை இப்போது இப்படித்தான் எழுதுகிறது.

வலது மார்பில் கட்டி இருந்தது. போன வாரம் ஆபரேஷன் செய்து முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அக்குளில் நெறிகட்டியதையும் எடுத்திருக்கிறார்கள். நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள், ஒரு குழாயோடு. அக்குளுக்குக் கீழே தோலைத் துளைத்து வெளியே வருகிறது. அதன் நுனியில் கையில் அடங்கும் ஒரு ரப்பர் குமிழ். உள்ளே ஊறுகிற நீரை அது உறிஞ்சி எடுக்க வேண்டும். இந்தக் குழாய்க்கு ஆஸ்பத்திரியில் டிரெய்ன் (drain) என்று பெயர். "டிரெய்ன் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்"னு நர்ஸ் சொன்னபோது, மயக்கம் தெளியாத நான், "எந்த ஊருக்கு?" என்று கேட்டேனாம். வார்டே சிரித்ததாம்.

கையைத் தூக்க முடியவில்லை. தலைவழியாக எதையும் போட முடியாது. முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான சட்டை இரண்டு, உள்ளே குமிழை வைக்க ஒரு பையோடு, தைத்து அனுப்ப முடியுமா? எங்கள் அலுவலக ரெக்கார்டு ரூம் அக்கா உங்களிடம் துணி தைத்திருக்கிறாள். அவளுடைய துணிப்பையில்தான் உங்கள் கடை விலாசம் கிடைத்தது. போன் நம்பரும் அதில் இருந்தது. கூப்பிடத் தைரியம் வரவில்லை.

நீங்கள் இந்த வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருடம் கழித்து எழுதும் கடிதத்தில் உதவி கேட்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்கள் நாத்தனார்


ஜூன் 7

நாத்தனாருக்கு,

சட்டை மூன்று அனுப்பியிருக்கிறேன். உன் அளவு நினைவிருக்கிறது. அதில் இரண்டு அங்குலம் கூட்டியிருக்கிறேன். பை இரண்டு பக்கமும் இருக்கிறது, எது சௌகரியமோ அதில் வைத்துக்கொள். புதுத்துணி உறுத்தும் என்று இரண்டு தரம் துவைத்துத்தான் தைத்தேன்.

வெறும் துணியை மட்டும் அனுப்பினால் நாகரிகமில்லை என்பதால் இந்த நாலு வரி.

தையல்காரி


ஜூன் 10

அன்புள்ள அண்ணிக்கு,

சட்டைகள் வந்தன. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணாடி பார்த்தது அன்றுதான். நீங்கள் எனக்குப் "பென்சில்" என்று வைத்த பெயர் இப்போதுதான் சரியாகப் பொருந்துகிறது. அப்படி இளைத்துவிட்டேன்.

காலையும் மாலையும் குமிழைத் திறந்து நீரை அளவுக் கோப்பையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று குறிக்க வேண்டும். முதல் நாள் நூற்று நாற்பது. பார்க்கவே பயமாக இருந்தது, அவ்வளவு சிவப்பு. இன்று தொண்ணூறு, சிவப்பும் வெளிறிவிட்டது. ஒரு நாளைக்கு முப்பதுக்குக் கீழே இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் எடுத்துவிடுவார்கள். குழாயில் கட்டி அடைக்காமலிருக்க, தோல்பக்கம் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் உருவிவிட வேண்டும். வலது கை ஒத்துழைப்பதில்லை. ஒரு தரம் குழாயைப் பல்லால் கடித்துப் பிடித்தேன். சொன்னால் நர்ஸ் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

அண்ணன் அந்தப் பக்கமே வருவதில்லை. "அந்தக் கருமத்தை மறைச்சு வை, சாப்பிடவே பிடிக்கல" என்கிறார். ஆண்பிள்ளை, பயப்படுகிறார் போலிருக்கிறது.

உங்கள் பாப்பா வாரம் ஒருமுறை வெளிநாட்டிலிருந்து பேசுகிறாள். உங்களுக்கு எழுதியதை அவளிடம் சொல்லவில்லை.

அன்புடன்,
பென்சில்


ஜூன் 13

பென்சிலுக்கு,

பல்லால் கடித்த கதையைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். வாயில் ஊசி இருந்தது, சிரித்து விழுங்காமல் தப்பித்தேன்.

என் வாடிக்கைக்காரி ஒருத்திக்கு இதே ஆபரேஷன் நடந்தது. விரல் வழுக்குவதற்குக் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டு உருவினால் சுலபம் என்றாள். நர்ஸிடம் கேட்டுக்கொண்டு செய். குமிழைக் காலி செய்ததும் நன்றாக அமுக்கி மூடு, உப்பலாக மூடினால் உறிஞ்சாதாம். படுக்கும்போது குழாய் உடம்புக்கு அடியில் மடங்கிவிடாமல் பார்த்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல்ல வேண்டுமென்று கட்டாயமில்லை. உனக்கு யார் சமைக்கிறார்கள்? ஆபரேஷன் ஆகி இரண்டு வாரத்தில் நீயா? உன் அண்ணன் பயப்படுகிறார் என்று எழுதியிருந்தாய். அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

நீ இன்னும் அண்ணி என்றே எழுதுவதால்,
அண்ணி


ஜூன் 16

அண்ணி,

சமைப்பது நான்தான், இடது கையால். இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

முந்தாநாள் காலை குளியலறையில் குமிழைக் காலி செய்துகொண்டிருந்தேன். கோப்பையை வாஷ்பேசின் மேல் வைத்திருந்தேன். அண்ணன் கதவைத் தட்டினார். "ஒரு நிமிஷம்" என்றேன். மறுபடி தட்டினார். திறந்துவிட்டேன். அவருடைய ஷேவிங் பிரஷ் பக்கத்தில் அந்தக் கோப்பை இருந்தது. அதைத்தான் முதலில் தட்டிவிட்டார். பிறகு என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தார். சட்டையோடு குழாயும் அவர் கையில் இருந்தது. தோலில் போட்டிருந்த தையல் பிய்ந்தது. நான் கத்தவில்லை. எனக்கே ஆச்சரியம், வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்த வீட்டுக்குக் கேட்கக் கூடாதாம்.

ரத்தத்தைப் பார்த்ததும் மாறிவிட்டார். அவரே ஆட்டோ பிடித்தார், தோளில் சாய்த்துக்கொண்டார், வழியில் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில், "எப்படிம்மா பிஞ்சுது?" என்று நர்ஸ் கேட்டாள். "கதவுத் தாழ்ப்பாள்ல மாட்டிக்கிச்சு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். "சார், இந்த மருந்தைக் கொஞ்சம் வாங்கிட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். "இப்போ சொல்லுங்கம்மா" என்றாள்.

"தாழ்ப்பாள்தான்" என்றேன்.

அவள் மறுபடி தையல் போடும்போதுதான் உங்கள் முகம் எனக்கு வந்தது. உதடு வீங்கியிருந்த அந்தக் காலை. "கதவுல இடிச்சுக்கிட்டேன்" என்றீர்கள். நான் தலையாட்டினேன்.

என் அறைக்கும் உங்கள் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். எல்லாம் எனக்குக் கேட்டது, அண்ணி. ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். கடைசியில் உங்கள் அண்ணன் பஞ்சாயத்துப் பேச வந்து உட்கார்ந்து, "பக்கத்து ரூம்லதானே இருக்கே, நீ சொல்லும்மா, ஏதாவது கேட்டுச்சா?" என்றார். "எதுவும் கேக்கலை" என்றேன். என் அண்ணன் சோற்றில் இருந்தேன் என்று சாக்குச் சொல்லவும் முடியாது, அன்றே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. கேட்கிறேன்.


ஜூன் 19

உன் கடிதம் வந்த அன்று கடையை மூடிவிட்டேன்.

நீ "கேக்கலை" என்று சொன்னதில் எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. உன் கண்ணிலேயே தெரிந்தது. என் அண்ணன் என் பக்கம் திரும்பி, "கூடவே இருக்கற பொண்ணே சொல்லுதே, நீ ஏன் பெருசாக்கறே?" என்றாரே, அதுதான் என்னைக் கொன்றது. அப்போது சமையலறை வாசலில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். பதினேழு வயது. நான் பெட்டியைத் தூக்கியபோது, "அத்தை பொய் சொல்ல மாட்டாங்கம்மா" என்றாள். அவள் என்னோடு பேசி எத்தனை வருடம் என்று உனக்கே தெரியும்.

எனக்கு எழுதியதில் பயனில்லை. நடந்தது எனக்குத் தெரியும். தெரிய வேண்டியவளுக்குச் சொல்.

அதற்கு முன்னால் அந்த வீட்டை விட்டு வெளியே வா. உடம்பு சரியாகட்டும், குழாயை எடுக்கட்டும் என்று காத்திருக்காதே. நோயாளி என்று பார்த்துக் கை ஓங்காமலிருக்கும் மனிதர் இல்லை அவர். எனக்குப் பிரசவமான மாதத்திலேயே தெரிந்துகொண்டேன். ரெக்கார்டு ரூம் அக்கா தனியாகத்தான் இருக்கிறாள். அவளைக் கேள். அந்த நர்ஸிடம் உண்மையைச் சொல்.

என் வீட்டுக்கு வா என்று எழுத உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்தேன். கை வரவில்லை. தப்பாக நினைக்காதே.

அண்ணி


ஜூன் 26

அன்புள்ள அண்ணிக்கு,

அக்காவின் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வெளியே போனதும் அவளே வந்து கூட்டிக்கொண்டு வந்தாள். ஒரு பை துணியும் மருந்தும்தான். மேஜைமேல் சீட்டு எழுதிவைத்தேன். மாலையில் வந்து வாசலில் நின்று கூப்பிட்டார். "அவ தூங்கறா, போயிட்டு வாங்க" என்று அக்கா கிரில் கதவைத் திறக்காமலே சொன்னாள். நான் தூங்கவில்லை. உள்ளே உட்கார்ந்து குமிழைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாயன்று குழாயை எடுத்தார்கள். இருபத்தெட்டு மில்லி, இருபத்திரண்டு, வைக்கோல் நிறம். "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றாள் அதே நர்ஸ். நெருப்பு ஓடினாற்போல் ஒரு எரிச்சல், முடிந்துவிட்டது. உள்ளே அவ்வளவு நீளம் இருந்ததா என்று திகைத்துப்போனேன். பஞ்சு வைத்து ஒட்டும்போது அவளிடம் சொன்னேன், தாழ்ப்பாள் இல்லை என்று. "தெரியும்மா" என்றாள். எழுதிக்கொண்டாள், என்னிடம் கையெழுத்து வாங்கினாள்.

அன்று மாலையே பாப்பாவைக் கூப்பிட்டேன். சுவர், ரேடியோ, உங்கள் அண்ணன் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், இப்போது எனக்கு நடந்தது, ஒன்றுவிடாமல் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று, "பாப்பா, இருக்கியா?" என்றேன்.

"பன்னிரண்டு வயசுல ஒரு நாள் நானே கண்ணால பாத்தேன் அத்தை. நீங்க கேக்கலைன்னு சொன்னதும், நான்தான் எதையோ தப்பா பாத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

பிறகு, "அம்மா நம்பர் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

அடுத்து கீமோ, மூன்று வாரத்துக்கு ஒருமுறை. விரல்களைச் சுவரில் நடக்கவிட்டுக் கையை உயர்த்தப் பழகுகிறேன். தோள் உயரம் வந்துவிட்டது. உங்களை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

என்றும் அன்புடன்,
பென்சில்


ஜூலை 5

பென்சிலுக்கு,

அவள் கூப்பிட்டாள். நான் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர், ஏதோ ஆர்டர் என்று எடுத்தேன். "அம்மா" என்றாள். குரல் அடையாளம் தெரியாமல், "எந்தக் கடையிலேருந்து பேசறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவள் அழுதபிறகுதான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு தினமும் பேசுகிறாள். நேற்று சண்டைகூடப் போட்டோம், நான் கண்ணாடி மாற்றவில்லை என்று. அடுத்த மாதம் லீவு போட்டு வருகிறாள்.

நீ செய்தது சின்ன காரியமில்லை. இந்த உடம்போடு, இந்த வயதில், வீட்டைவிட்டு வந்திருக்கிறாய். எனக்குத் தெரியும், அது எவ்வளவு கனம் என்று.

ஆனால் உன் கடிதம் வரும் நாளெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. உன் மேல் கோபம் என்று சொல்ல மாட்டேன். கோபமாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். உன் கையெழுத்தைப் பார்த்தால் அந்த அறைக்குள் மறுபடி போய் நிற்கிறேன், சுவருக்கு அந்தப்பக்கம் நீ இருக்கிறாய். நேரில் பார்த்தால் இன்னும் அதிகமாகும். அதனால் நாம் பார்த்துக்கொள்ள வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

பாப்பாவிடம் உன்னைப் பற்றிப் பேசினேன். இப்போதைக்கு உன்னிடம் பேச முடியாது என்கிறாள். கட்டாயப்படுத்தவில்லை. கீமோ தேதிகளை அக்காவிடம் சொல்லிவை, அவள் துணி கொடுக்க வரும்போது கேட்டுக்கொள்கிறேன்.

கையை உயர்த்துவதை விட்டுவிடாதே. வலித்தாலும் தினமும் செய். காது உயரம் வரட்டும், தலைக்கு மேலே போகட்டும். நல்லபடியாக இரு.

பாப்பாவின் அம்மா