கதவருகே நிற்கும் அப்பா

அன்புள்ள அக்காவுக்கு, அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், அப்பாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். போனில் பேசினால் அவர் காதில் விழும், அதனால் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே. முதலில் அம்மா சொல்லச் சொன்னவை. ஈரத் தலையோடு படுக்காதே. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுக் கதை யோசிக்காதே. அறையில் கூட இருக்கிற பெண்ணோடு சண்டை வந்தால் அன்றைக்கே பேசிவிடு, உங்கப்பா மாதிரி மாசக்கணக்கா மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதடி என்று சொல்லச் சொன்னாள்.

இனி நான் சொல்வது அம்மாவுக்கும் தெரியாது. வீடியோ கேமுக்குக் கதை எழுதும் படிப்பில் நீ முதலில் செய்து அனுப்பினாயே ஒரு சின்ன கேம், அதை நம் பழைய கம்ப்யூட்டரில் ஒளித்து வைத்திருந்தேன். போன வாரம் தண்ணீர் குடிக்க எழுந்தால் கூடத்தில் வெளிச்சம். அப்பா லிஃப்ட் கம்பெனி சட்டையைக்கூடக் கழற்றாமல் அதை ஆடிக்கொண்டிருந்தார், அதுவும் கடைசி இடத்தை. கேமில் வரும் அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள், அவள் அப்பா கதவருகே நின்று, கதை எழுதுறதெல்லாம் ஒரு படிப்பா, போறதுன்னா போ என்கிறார், அவளுக்காக நாம் மூன்று பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எதைத் தொட்டாலும் கதவு மூடிக்கொள்ளும். அந்த வசனம் யாருடையது என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும் அக்கா. உன் பேச்சையே எடுக்கக் கூடாது என்றவர் ஆயிற்றே, கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

ஆனால் அவர், லிஃப்ட் நின்றுபோனால் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்ப்பாரே, அதே மாதிரி முதல் பதில், இரண்டாவது, மூன்றாவது, மறுபடி முதலிலிருந்து என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எதையும் தொடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் திட்டவில்லை. எதையும் அமுக்காம இருந்தா அந்தாளு வேற ஏதாவது சொல்வானான்னு பாத்தேன் என்றார். எனக்குத்தான் ஆடத் தெரியல போல, அவ போகட்டும், சண்டையில்லாம போற வழி எங்கயாவது இருக்கும்ல என்று கேட்டார். அக்கா அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பயத்தில், இருக்குப்பா, ஆனா கண்டுபிடிக்கிறது கஷ்டம் என்று வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் தேடுகிறார். இப்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் மவுஸ் சத்தம் கேட்கிறது. நான் சொன்னது பொய் என்று தெரிந்தால் முதுகில் டின் கட்டிவிடுவார், அதுகூடப் போகட்டும், தேடுவதை விட்டுவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம்.

அதனால் அந்த வழியை நீ எழுதிவிடு அக்கா. பெண்ணுக்கு நாலாவது பதில் வேண்டாம், அந்த அப்பாவுக்கு ஒரு வரி எழுது. உங்கள் ஆசிரியர் மார்க் குறைத்தால் குறைக்கட்டும். நேற்று, அந்தாளு என்ன சொன்னா நல்லா இருக்கும்பா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். நகத்திலிருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே, பை கனமா இருக்கும் போல, குடு, நான் தூக்கிட்டு வரேன்னு சொல்லியிருக்கலாம் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ அனுப்பியதும், அவர் வேலைக்குப் போயிருக்கும்போது பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிடுகிறேன். அம்மாவின் ஆசியும் என் முத்தமும் உனக்கு எப்போதும். மறந்துவிடாதே, எந்தப் பதிலைத் தொட்டாலும் அந்த வரி வரக் கூடாது, எதையும் அமுக்காமல் காத்திருப்பவருக்குத்தான் வர வேண்டும். ஆனால் அவரை ரொம்ப நேரம் காக்க வைக்காதே.

உன் வாலு