கறுப்புத் துணி மெயில்

திருப்பூர்
12.8.2006

அன்பு மகள் மைதிலிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நித்தீஷும் சிங்கப்பூரில் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே அப்பா சுகம், என்னைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை, உட்கார்ந்துகொண்டு படி கண்ணு. போனில் சொன்னால் இரண்டு பேரும் அழுது விஷயம் பாதியில் நின்றுவிடும்.

சித்திரையில் எங்கள் கம்பெனி ஆபீஸ் நிர்மலாவின் கம்ப்யூட்டருக்கு எனக்காக ஒரு மெயில் அனுப்பினாயே, கறுப்புச் சாயத் துணி மாரில் பட்டால் கட்டி வரும், அந்தத் துணியை விட்டுவிட்டு வெறும் வயிற்றில் அருகம்புல் சாறு குடித்தால் தொண்ணூறு நாளில் கரைந்துவிடும் என்று. நிர்மலா சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினாள். அப்போதே எனக்கு இடது மாரில் சட்டைப் பொத்தான் அளவு ஒரு கட்டி இருந்தது, வலி இல்லை, கூச்சத்தில் யாரிடமும் சொல்லவில்லை. செக்கிங்கில் நாள் முழுவதும் கறுப்புப் பனியனைத்தானே மாரில் பட எடுத்துப் பார்க்கிறேன், அதனால்தான் வந்தது என்று நம்பி, சூப்பர்வைசரிடம் கெஞ்சி வெள்ளைத் துணிக்கு மாறிக்கொண்டு சாறும் குடித்தேன். நீ அனுப்பியது தப்பாக இருக்காது என்று நினைத்தேன்.

ஆடி பிறந்தும் கரையவில்லை, பெரிதாகத்தான் ஆனது. அப்புறம்தான் சந்தேகம் வந்து, இதை எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் சொன்னது என்று நிர்மலாவைக் கேட்டேன். மேலும் கீழும் தேடிவிட்டு, "பேரே இல்லீங்க்கா, கடைசீல பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லித்தான் போட்டிருக்குது" என்றாள். கோயிலில் பாம்பு பேசியது, ஆயிரம் நோட்டீஸ் அடித்துக் கொடுக்காவிட்டால் ரத்தம் கக்குவாய் என்று முன்னே வீட்டுக்கு வீடு போட்டுவிட்டுப் போவார்களே, அதே ஆட்கள் இப்போது கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள் போல. மறுநாளே அப்பாவோடு கோயமுத்தூர் போனேன். டாக்டரம்மா ஊசியால் எடுத்துச் சோதித்து, ஸ்கேனும் பார்த்து, புற்றுநோய்தான், ஆனால் வேறெங்கும் பரவவில்லை என்றார். "இத்தனை மாசம் ஏனுங்கம்மா வெச்சுட்டு இருந்தீங்க?" என்று கேட்டார், கூச்சம் என்று மட்டும் சொன்னேன், உன் பேரை எடுக்கவில்லை. துணியின் நிறத்தால் இது வராது என்றும் சொன்னார். இப்போது யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை, அதை அப்படியே சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன், அப்பாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது, டாக்டரம்மா சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தார்.

இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன். லீவு கிடைத்தால் வா. பாசத்தில்தான் அனுப்பினாய், எனக்குத் தெரியும், உன்னையே திட்டிக்கொண்டு இருக்காதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், பேரனுக்கு முத்தம். ஒன்று மட்டும் மறக்காதே. நீயும் பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பாய். யார் யார் என்று யோசித்து, எனக்கு நடந்ததை ஒவ்வொருவருக்கும் எழுது, என் பேரையும் ஊரையும் போட்டே எழுது. அதில் ஒருத்தியின் அம்மாவாவது என்னைப் போல வாயைத் திறக்காமல் சாறு குடித்துக்கொண்டிருப்பாள்.

உன் அம்மா
பழனாத்தாள்