தண்ணீர் விட்டது நீங்கள், கடிதம் எழுதியது நான்

சண்டை போட எனக்கென்று இருந்த ஒரே ஆளான குமார் மாமாவுக்கு,

உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நடுவில் அழுதுவிட்டு, சொல்லாமலே விட்டுவிடுவேன். போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் அம்மா. அவள் உங்கள் அக்கா, அப்படித்தான் சொல்வாள். நான் உங்கள் மருமகள். எனக்கு உரிமை இருக்கிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. என் மாமா துபாயில் நடைபாதைகளுக்கு இன்டர்லாக் கல் பதிக்கிற ஃபோர்மேனாக இருந்தவர். அல் கூஸ் தொழிலாளர் கேம்பில், எட்டுப் பேர் இருக்கிற ரூமில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை லீவுக்கு இரண்டு பஸ் மாறி ஷார்ஜாவில் எங்கள் வீட்டுக்கு வருவார். வழியில் தான் பதித்த பாதை ஏதாவது தெரிந்தால் பஸ்ஸிலிருந்தே போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவார். எல்லாப் போட்டோவிலும் பாதிக்கு மேல் பஸ் கம்பிதான் இருக்கும்.

போன வருடம் உங்களுக்கு அந்தப் பனிக்கூடத்து வேலை வந்தது. வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில் அடிக்க, உள்ளே ஒரு பெரிய ஹால் முழுவதும் செயற்கைப் பனி கொட்டி, பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற இடம். வாசலிலிருந்து பனிமேடு வரைக்கும் கல் பாதை உங்கள் பொறுப்பு. “மருமவளே, இந்த ஊர்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கல்லு பதிக்கப் போற ஒரே மேஸ்திரி உங்க மாமன்தான்” என்றீர்கள். “ஸ்வெட்டர் போட்டா மட்டும் தொந்தி மறைஞ்சிருமாடா?” என்று அம்மா கேட்டாள். கடைசியில் ஸ்வெட்டருக்கும் வேலை இல்லாமல் போனது. எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் குளிர் மெஷினைப் போடுவார்களாம்.

நீங்கள் எப்போதும் செய்கிற மாதிரியே செய்தீர்கள். இந்த ஊர் மணல் மாவு மாதிரி. சும்மா பரப்பினால் நிற்காது. குழாயைப் பிடித்து நன்றாக நனைத்து, இறுக்கி, அதன் மேல் கல்லை வைத்துத் தட்டினால் இருபது வருடத்துக்கு அசையாது. “தண்ணி குடிக்காத மணலு சொன்ன பேச்சு கேக்காது” என்பீர்கள். வெளியே அது சரி. இரண்டு நாள் வெயிலில் அந்தத் தண்ணீர் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். பனிக்கூடத்தில் வெயில் ஏது? மணலுக்குக் கீழே கான்கிரீட், அதற்கும் கீழே குளிரைத் தடுக்கிற பலகை. தண்ணீர் போவதற்கு ஒரு ஓட்டைகூட இல்லை. அது அங்கேயே கிடந்தது. மெஷினைப் போட்டதும் உறைந்தது. மூன்றாவது வாரம் பாதை அங்கங்கே அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. கூடத்தைத் திறந்த அன்றைக்கே ஒரு விருந்தாளி அதில் தடுக்கி விழுந்தார்.

நீர் உறைந்தால் பருமன் கூடும். ஏழாம் வகுப்பில் இந்த ஒரு வரிக்கு நான் இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். தண்ணீர் விட்ட கதையை நீங்கள் எங்கள் வீட்டில் சாப்பிடும்போதே சொன்னீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். படித்தது ஒரு பக்கம் இருந்தது, மாமா ஒரு பக்கம் இருந்தீர்கள். இரண்டையும் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை புத்தகம் படித்து என்ன மாமா பிரயோஜனம்?

அதைக்கூட மன்னித்துக்கொள்வேன். பாதை உப்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்றைக்கு நீங்கள் சட்டைப் பையில் ஒரு வெள்ளைத்தாளை மடித்து வைத்துக்கொண்டு வந்தீர்கள். எனக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. “ரெண்டே வரிதான் பாப்பா. எங்கிட்ட வேலை செஞ்ச பசங்க மூணு பேரையும் ஊருக்கு அனுப்பிருவேன்னு இன்ஜினியர் நிக்கிறான். அவனுங்க தண்ணி விடல, நான்தான் விடச் சொன்னேன். அத மட்டும் இங்கிலீஷ்ல எழுதிக் குடு” என்றீர்கள்.

நான் இரண்டு வரி எழுதவில்லை. ஒரு பக்கம் எழுதினேன். நான் படித்த கதைகளில் நல்ல மனிதர்கள் எப்படிப் பேசுவார்களோ, அப்படி எழுதினேன். ‘பாதை கெட்டுப்போனதற்கான முழுப் பொறுப்பையும் நான் ஒருவனே மனமார ஏற்றுக்கொள்கிறேன், வேறு எவர் மீதும் எந்தக் குறையும் இல்லை’ என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை இரண்டு முறை படித்துப் பார்த்து ரசித்தேன். நீங்கள் எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பில்லை என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“என்ன பாப்பா, ரெண்டு வரி இவ்வளவு நீளமாப் போயிருக்கு?”

“நீங்க சொன்னதுதான் மாமா. நல்ல இங்கிலீஷ்ல எழுதினா அப்படித்தான் இருக்கும்.”

“அப்பச் சரி” என்று தமிழில் கையெழுத்துப் போட்டீர்கள். “எம் மருமவ இங்கிலீஷ்க்குக் கீழ எங் கையெழுத்து, பட்டுப்பொடவைக்குக் கோணி பார்டர் வெச்ச மாதிரி இருக்கு” என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

ஏன் மாமா, ‘இதுல என்ன எழுதிருக்க, தமிழ்ல சொல்லு’ என்று ஏன் கேட்கவில்லை? கல் வாங்கும்போது ஒவ்வொரு கல்லையும் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு வாங்குகிற ஆள் நீங்கள். தக்காளி விலைக்குக் கடைக்காரரோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டுவீர்கள். பதினைந்து வயதுப் பெண் எழுதின காகிதத்தில் மட்டும் ஏன் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினீர்கள்?

பையன்கள் மூன்று பேரும் தப்பித்தார்கள். அதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும் என்கிறார் அப்பா. பாராட்டுகிறேன், ஆனால் உங்களுக்கு என்ன ஆனது? ஒரு வீடியோ காலில் உங்கள் தலையில் மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. ஃபோர்மேன்கள் வெள்ளைதானே போடுவார்கள் என்று கேட்டேன். “வெள்ள அழுக்காவுதும்மா” என்றீர்கள். அதையும் நம்பினேன். பிறகு உங்களை மேற்கே, நாலு மணி நேரத் தொலைவில் இருந்த சைட்டுக்கு மாற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் நின்றன. ஒரு காலை டியூட்டி பஸ்ஸில் எல்லோரும் இறங்கினார்கள், நீங்கள் மட்டும் ஜன்னலில் சாய்ந்தபடியே இருந்தீர்களாம். தூங்குகிறீர்கள் என்று நினைத்து டிரைவர் “யல்லா, யல்லா, எறங்கு” என்று கத்தினாராம். ஆஸ்பத்திரி கொடுத்த காகிதத்தில் இதயம் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தது. நாற்பத்தொரு வயதில் அது ஏன் நின்றது என்று கேட்பதற்கு அந்தக் காகிதத்தில் இடம் இல்லை.

நான் எழுதினதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணம் இல்லை என்றும் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

இப்போது உங்களுக்குத் தெரியாத செய்தியைச் சொல்கிறேன். நீங்கள் போய் இரண்டு மாதம் கழித்து முருகேசன் அண்ணன் உங்கள் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் காப்பாற்றிய மூன்று பேரில் மூத்தவர். பனிக்கூடத்தை நிறுத்திவிட்டுப் பாதையை மறுபடி போடப் போகிறார்களாம், இந்த முறை அவர்தான் ஃபோர்மேனாம். அம்மா டீ கொடுத்தாள். நான் சும்மா கேட்டேன், “இந்தத் தடவை தண்ணி போறதுக்கு வழி விடுறாங்களா அண்ணா?”

“வழியெல்லாம் ஒண்ணும் கெடையாது பாப்பா. அதே டிராயிங்குதான். தண்ணி மட்டும் விடாத, காஞ்ச மணல்ல போடுன்னுட்டாரு இன்ஜினியரு. நானும் கேட்டேன், சார், ஜனங்க ஷூவுல ஒட்டிக்கிட்டு வர்ற பனி உருகி எறங்குமேன்னு. அவரு ஃபைலத் தெறந்து காட்டுறாரு. கலாஸ், கதை முடிஞ்சுது, முழுத் தப்பும் தன்னோடதுன்னு உங்க மாமா எழுதிக் குடுத்திருக்காராம். டிராயிங்ல ஒரு கொறையும் இல்லையாம்.”

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். நான் எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டேன்.

உங்கள் பெயரைக் கெடுத்ததோடு அந்தக் கடிதம் நிற்கவில்லை. பாதை மறுபடி உப்பினால் அடுத்த காகிதத்தில் முருகேசன் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்குக் கள்ளக்குறிச்சியில் இரண்டு சின்னப் பிள்ளைகள்.

அவர்கள் வேலையை ஆரம்பிப்பதற்குள், குளிர்நாட்டில் பாதை போடுவது பற்றிப் பள்ளி நூலகத்தில் கிடைத்த எல்லாவற்றையும் படித்தேன். பனி விழுகிற ஊர்களில் பாதையின் பாதி உயிர் கல்லுக்குக் கீழேதான் இருக்கிறது. பொடி மணல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஆழமாகத் தோண்டி ஜல்லி போடுவார்கள், சாய்வு வைப்பார்கள், தண்ணீர் வெளியேற வாய்க்கால் விடுவார்கள். உறைவதற்கு அங்கே தண்ணீரே தங்கக் கூடாது. ஆனால் புத்தகத்தைக் காட்டினால் இன்ஜினியர் கேட்பாரா?

எங்கள் பில்டிங்குக்குக் கீழே பக்காலா, அதாவது மளிகைக் கடை, வைத்திருக்கிற கீழக்கரை ஜமால் காக்காவிடம் போனேன். அவருடைய ஐஸ்கிரீம் ஃப்ரீஸரில் எனக்கு ஒரு மூலை வேண்டும் என்றேன்.

“எதுக்கும்மா?”

“மூணு பிரியாணி டிரேயில மண்ணும் கல்லும் வைக்கணும் காக்கா.”

“அல்லாவே! குல்ஃபிக்குப் பக்கத்துல மண்ணா? முனிசிபாலிட்டிக்காரன் பாத்தான்னா என்னையும் சேத்து அதுக்குள்ள வெச்சு மூடிருவான்.” மாமாவுக்காக என்று சொன்னேன். பின்னால் இருந்த பழைய ஃப்ரீஸரைத் துடைத்து, பிளக்கை மாட்டிக் கொடுத்தார்.

முதல் டிரே உங்கள் முறை, நனைத்த மணல். இரண்டாவது டிராயிங்கில் உள்ளபடி காய்ந்த மணல். மூன்றாவதில் ஜல்லி போட்டு, அடியில் துளை போட்டு, சாய்த்து வைத்தேன். ஸ்கூல் விட்டு வந்ததும் மூன்றையும் வெளியே எடுத்து, ஷூவிலிருந்து உருகுகிற மாதிரி கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மறுபடி உள்ளே வைப்பேன். உங்கள் டிரேயில் மறுநாளே கல் கிளம்பிவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அதைப் பார்த்து அழுதேன். உங்கள் மேல் தப்பே இல்லை என்று நிரூபிக்கத்தான் நான் ஆரம்பித்தேன். தப்பு இருந்தது மாமா. தண்ணீர் விட்டது தப்புதான்.

ஒன்பதாவது நாள் காய்ந்த மணல் டிரேயிலும் ஒரு கல் தலையைத் தூக்கியது. பத்தாவது நாள் இன்னும் இரண்டு. ஜமால் காக்கா கடையில் ஆளை விட்டுவிட்டு என்னோடு நின்று பார்த்தார். “அப்ப குமாரு தண்ணியே விடலன்னாலும் இது தூக்கியிருக்கும்?” என்றார். தூக்கியிருக்கும். கொஞ்சம் மெதுவாக. மூன்றாவது டிரேயில் ஒரு கல்கூட அசையவில்லை.

அதாவது, உங்கள் பங்கு கொஞ்சம். நான் உங்கள் தலையில் ஏற்றியது முழுசும்.

இரண்டாவது கடிதத்தை இன்ஜினியருக்கு என் பெயரிலேயே எழுதினேன். முதல் கடிதத்தின் வாக்கியங்கள் என்னுடையவை, என் மாமா சொன்னது தண்ணீர் விட்டதைப் பற்றி மட்டும்தான், டிராயிங்கைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்று எழுதி, டிரே போட்டோக்களையும் சேர்த்தேன். முருகேசன் அண்ணனிடம் கொடுப்பதற்கு முன் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ‘உங்கள் டிராயிங் ஒரு குற்றம்’ என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பாப்பா, இத எடுத்துரு.”

“உண்மைதானே அண்ணா?”

“உண்மதான். நாளைக்கு அவர் மூஞ்சில முழிக்கப்போறது நீயா, நானா?”

எடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன்.

இன்ஜினியர் படித்துவிட்டு, “யார் இந்தப் பொண்ணு? ஸ்கூல் பசங்க எனக்கு வேலை சொல்லித்தர்றாங்களா?” என்று ஹிந்தியில் கத்தினாராம். முருகேசன் அண்ணன் மறுபேச்சுப் பேசாமல், ஆனால் ஒரு கல்லும் வைக்காமல், இரண்டு நாள் மட்டம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். மூன்றாம் நாள் காலையில் கான்கிரீட் வெட்டுகிற மெஷின் வந்து இறங்கியது. வாய்க்கால் வெட்டினார்கள். மணலை அள்ளிவிட்டு ஜல்லி கொட்டினார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. முதலிலேயே அப்படித்தான் திட்டம் என்பது போல எல்லோரும் நடந்துகொண்டார்களாம்.

குளிர் போட்டு மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் அண்ணன் ஒரு போட்டோ அனுப்பினார். கல்லின் மேல் ரசமட்டம், குமிழி சரியாக நடுவில். பஸ் கம்பி இல்லாத போட்டோ.

எனக்குச் சந்தோஷமாக இல்லை மாமா. பாதை நிற்கிறது, முருகேசன் அண்ணன் வேலையில் நிற்கிறார், அது போதும் என்கிறார்கள். உங்கள் ஃபைலில் மட்டும் முதல் கடிதமே இருக்கிறது. இரண்டாவதையும் அதில் சேருங்கள் என்று ஆபீஸுக்குக் கேட்டு எழுதினேன். அந்தத் தொழிலாளியின் ஃபைல் முடிக்கப்பட்டுவிட்டது என்று ஒரே வரியில் பதில் வந்தது. தப்பு என்று எழுதத் திறக்கிற ஃபைல், தப்பு இல்லை என்று எழுத மட்டும் ஏன் திறக்காது?

இப்போதும் எங்கள் பில்டிங்கில் இங்கிலீஷ் லெட்டருக்கு என்னிடம்தான் வருகிறார்கள். மூன்றாவது மாடி செல்வி அக்கா சம்பளமில்லாத லீவுக்கு எழுதச் சொன்னார். எழுதியதைத் தமிழில் சொல்லும்போது, “ஏய், இத நான் சொல்லவே இல்லையே!” என்றார் ஒரு வரிக்கு. அழகான வரிதான். அடித்துவிட்டேன்.

உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நான் எழுதின காகிதத்தில், அதன் ஒவ்வொரு வரியையும் தன் பாஷையில் கேட்காமல் இனி யாரும் கையெழுத்துப் போட விடமாட்டேன். அவசரம் என்றாலும், என் மேல் நம்பிக்கை என்றாலும் விடமாட்டேன். அந்த ஆபீஸுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை எழுதுவேன், உங்கள் ஃபைலைத் திறக்கிற வரைக்கும். எனக்கு இப்போதுதான் பதினாறு வயது மாமா. அவர்களெல்லாம் ரிட்டயர் ஆகிப் போய்விடுவார்கள், நான் எழுதிக்கொண்டே இருப்பேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் அக்கா மகள்
பவித்ரா