வடகடல் மணல் ஒட்டிய தென்கடல் மீன்

மண்டபம்,
வியாழக்கிழமை

அன்பு மகள் உமாமகேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. உன் மாமன் தங்கப்பாண்டி தென்கடலில் வெடி போட்டு மீன் பிடித்திருக்கிறான். எனக்குத் தெரிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, கூடப் பிறந்த தம்பியைப் போலீஸில் சொல்வதா விட்டுவிடுவதா என்று அத்தனை நாளும் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன், நேற்று சாயங்காலம்தான் ஒரு முடிவு வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், நீ கடிதத்தைப் பிரித்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று கடைசிப் பக்கத்துக்குத் தாவுகிறவள். யார் உயிருக்கும் ஒன்றுமில்லை. நானும் உன் அய்யாவும் சுகம், அவருக்கு முழங்கால் வலி காலையில் வந்து மத்தியானம் போகிறது, அதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அதேபோல் சுகமாக இருக்கவேண்டும் என்று நம்ம குலசாமியைக் கேட்டுக்கொண்டுதான் தினமும் கதவைத் திறக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு சமைப்பவள், மாப்பிள்ளை காதில் விழுந்தால் அவர்கள் வீட்டு வாட்ஸப் குரூப்பில் விழுந்த மாதிரி. உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கீழக்கரை ஜுவைரியா லீவு முடிந்து நாளைக்கு விமானம் ஏறுகிறாள், கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை உன் மாமன் நாலு பெட்டி மீன் கொண்டுவந்து நம்ம மீன் கம்பெனியில் இறக்கினான். விளமீனும் ஓராவும். மேலெல்லாம் மணல் ஒட்டியிருந்தது. கரைவலை மீன் அக்கா என்றான். கரைவலை மீனுக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டென்று உனக்குத் தெரியும், கரையில் இழுத்துப் போட்ட ஈரத்தோடு மணல் அப்பிக்கொண்டு வரும், அதைப் பார்த்தால்தான் வாங்குகிறவனுக்குப் பச்சை மீன் என்று நம்பிக்கை வரும். ஆனால் ஓரா தென்கடலில் பாறைக்குள் மேய்கிற மீன், அங்கே மணல் வெள்ளையாகச் சிப்பித் தூளோடு இருக்கும். இந்த மீன்மேல் ஒட்டியிருந்ததோ கறுத்த சேற்று மணல், நம்ம ஊருக்கு வடக்கே உன் மாமன் வீட்டு வாசலில் கிடக்கிற வடகடல் மணல். இரண்டு கடலுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவன், ஒரு கடல் மீனுக்கு இன்னொரு கடல் மணலைப் பூசிக் கொண்டுவந்திருக்கிறான். நான் ஒரு விளமீனைத் தலையைப் பிடித்துத் தூக்கினேன், வாழைநார் மாதிரித் தொங்கியது. முதுகில் கட்டைவிரலை ஓட்டினால் நடுமுள் மூன்று இடத்தில் விட்டுப்போயிருந்தது, வயிற்றைக் கீறினால் உள்ளே ரத்தம் கட்டிக் கிடந்தது. வெடி மீன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, அதை நான் திருப்பி அனுப்பவில்லை. மறுநாள் தாங்காத மீன் என்று ஐஸைக் கூடக் கொட்டி மதுரை வண்டியில் ஏற்றிவிட்டு, தம்பியை ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. வியாபாரி புத்தி முதலில் சரக்கைத் தள்ளிவிடத்தான் பார்க்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த மதுரைக்காரர், நம்மிடம் ஓட்டலுக்கு மீன் எடுப்பவர், பெண்டாட்டி பிள்ளைகளோடு ராமேஸ்வரம் தரிசனத்துக்கு வந்தவர் கம்பெனியில் இறங்கி, போன லோடு மீன் கொழகொழவென்று இருந்ததே என்றார். ஐஸ் மேல் பழியைப் போட்டுச் சமாளித்துவிட்டு, மனிதரைக் குளிர வைக்கவேண்டுமே என்று, வனத்துறை ஆட்கள் ஓட்டுகிற அந்தக் கண்ணாடிப் படகுக்குக் குடும்பத்தையே கூட்டிப்போனேன். நான் கரையில் நிற்கிறேன் என்றேன், அந்த அம்மா விடவில்லை, கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டார்.

உமா, பதினெட்டு வயதில் கூடையைத் தலையில் தூக்கியவள் நான், இப்போது ஐம்பத்தொன்பது. என் கை படாத மீன் ஜாதி இந்தக் கடலில் இல்லை என்று சொல்லித் திரிந்தேன். படகின் அடியில் பதித்திருந்த கண்ணாடியைக் குனிந்து பார்த்தபோதுதான், நாற்பது வருஷமாக நான் பார்த்ததெல்லாம் பிணம் என்று உறைத்தது. முதலில் என் வாய் தன்பாட்டுக்கு ரேட்டுச் சொல்லிக்கொண்டு வந்தது, களவா இன்ன விலை, ஓரா இன்ன விலை என்று முனகினேன், கொஞ்ச நேரத்தில் அது தானாக நின்றுபோனது. ஓரா ஐஸில் எப்படிக் கிடக்கும், அழுக்குத் துணி நிறத்தில். அங்கே கூட்டமாகத் திரும்பும்போது அத்தனை உடம்பிலும் ஒரே நேரத்தில் மஞ்சள் பொட்டுகள் எரிந்து அணைந்தன. படகுக்காரப் பையன் இன்ஜினை நிறுத்திவிட்டு, பலகையில் காதை வையுங்கம்மா, கிளிமீன் பாறையைக் கடிக்கிற சத்தம் கேட்கும் என்றான். வைத்தேன். வறுகடலை மெல்லுகிற சத்தம், நூறு பேர் உட்கார்ந்து மெல்லுகிற மாதிரி. மதுரைக்காரர் பெண்டாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் காதை எடுக்கவில்லை. பிறகு ஒரு ஓட்டுக்கணவாய். கணவாய் என்றால் எனக்கு வெள்ளை, நீயும் சின்ன வயதில் உரித்திருக்கிறாய், வெள்ளைதானே. அது பாறை ஓரத்தில் அசையாமல் நின்றது, உடம்பு முழுக்க நிறம் ஓடியது, அடுப்புத் தணலை விசிறினால் உள்ளே சிவப்பு ஓடுமே அதுபோல, பழுப்பு, ஊதா, அப்புறம் எனக்குப் பெயர் தெரியாத ஒரு நிறம். படகு நிழல் மேலே விழுந்ததும் நின்ற இடத்திலேயே பாறையோடு பாறையாகிவிட்டது, கண் மட்டும் திறந்திருந்தது, அந்தக் கண் என்னைப் பார்த்தது. எத்தனை ஆயிரம் கிலோ தள்ளியிருப்பேன், ஒரு கணவாய் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான். தரிசனத்துக்கு வந்தது அவர்கள், கிடைத்தது எனக்கு என்று நினைத்துக்கொண்டேன், உடம்பு சிலிர்த்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கொஞ்ச தூரம் தள்ளிப் போனதும் கண்ணாடிக்குக் கீழே வெள்ளையாக ஒரு இடம் வந்தது. பாத்திரக் கடையை உருட்டிவிட்ட மாதிரி உடைந்த பவளத் துண்டுகள், நம்ம கம்பெனி முற்றம் அகலம் இருக்கும். ஒரு மீன் இல்லை. காதை வைத்தேன், ஒரு சத்தமும் இல்லை. படகுக்காரப் பையன் குரலைத் தணித்து, "வெடி போட்ருக்காய்ங்கம்மா, போன சனிக்கெழம விடியக்காலம் கரை வரைக்கும் அதிர்ந்துச்சு, எவன்னு தெரியல, திரும்ப வளர எங்க ஆயுசு பத்தாது" என்றான். எவன் என்று அந்தப் படகில் எனக்கு மட்டும் தெரியும். நான் வண்டியில் ஏற்றிவிட்ட நாலு பெட்டி அந்த முற்றத்திலிருந்து வந்தது.

வீட்டுக்கு வந்து அய்யாவிடம் சொன்னேன். "ஏ பாண்டியம்மா, வீட்டுச் சங்கதியக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல அவுக்கப் போறியாக்கும், ஒத்தத் தம்பி, காதுகுத்துக்கு நம்ம பிள்ளைய மடியில வச்சவன், நாலு அறை விட்டுட்டு விடு" என்றார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. இந்தக் கேஸில் உள்ளே போனால் வருஷக்கணக்கு ஆகும் என்கிறார்கள், படகு போகும், ஊரில் நமக்கு அக்கா தம்பி என்று தலைகாட்ட முடியாது. அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் திங்கட்கிழமை வரைக்கும் இருந்தேன். திங்கட்கிழமை உன் மாமன் பெண்டாட்டி சோணையம்மாள் அத்தை கம்பெனிக்கு வந்து, காதுக்குள் வண்டு கத்துகிறது மதினி, வலது பக்கம் பேசினால் கேட்கவில்லை என்றாள். அவள் தென்கடலில் பாசி எடுக்கப் போகிறவள், முங்கி முங்கி எடுக்கிற வேலை. எப்போதிருந்து என்று கேட்டேன், சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, தண்ணிக்குள் இருக்கும்போது நெஞ்சில் யாரோ உதைத்த மாதிரி இருந்தது, ஆழமாக முங்கிவிட்டேன் போல என்றாள். ராமநாதபுரம் கூட்டிப்போனேன். செவிப்பறை கிழிந்திருக்கிறது, கூடுவதற்கு இரண்டு மாசம் ஆகும், அதுவரை தண்ணீரில் இறங்கக்கூடாது என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, உமா. அன்றைக்கு அவளோடு பதினோரு பெண்கள் தண்ணீரில் இருந்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை நம்ம ஐஸ் பொன்னுச்சாமியிடம் கேட்டேன். அவன் வலது கை போனது வெடியில்தான் என்று உனக்குத் தெரியும், இருபது வருஷம் ஆகிறது. யார் என்று சொல்லாமல், ஒருத்தன் வெடி போடுகிறான், போலீஸில் சொல்லலாமா என்று கேட்டேன். இடது கையால் ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டே, "என்னயவா கேக்குறீக, யக்கா? அன்னிக்கு எவனாச்சும் என்னயப் புடிச்சுக் குடுத்திருந்தா, உள்ள இருந்துட்டு வந்து இன்னிக்கு ரெண்டு கையாலயும் அள்ளிக்கிட்டு இருப்பேன், சம்பளமும் கூடக் கேட்டிருப்பேன். ஒருத்தரும் குடுக்கல. ஊரே நல்லவுகளா இருந்துட்டீக" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காலத்தில் அவன் வெடி மீனை விலை குறைத்து வாங்கியவள் நான். இருபது வருஷமாக என் முற்றத்தில் நிற்கிறான், ஒரு நாள் கூட அதை என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. கடலுக்குள் கண்டது ஒரு அதிசயம் என்றால் என் கம்பெனிக்குள் நின்றுகொண்டிருப்பது இன்னொன்று, அதையும் நான் இத்தனை நாள் பார்க்கவில்லை.

நேற்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு உன் மாமனைக் கூப்பிட்டு, மணல் மாறிப்போச்சுடா தம்பி என்றேன். புரிந்துவிட்டது. முதலில் குதித்தான். "ஆமா போட்டேன், மூணு தரம் போட்டேன், பெரிய படகுக்காரன் இழுவை மடிய இழுத்து அடியோட வாரிட்டுப் போறான், அங்கிட்டுத் தள்ளிப் போனா அக்கரை நேவிக்காரன் படகப் புடிச்சு வச்சுக்கிறான், நா என்னத்தத் திங்கிறது, அவனுகளப் போயிச் சொல்லு" என்றான். அதில் பொய் இல்லை. பிறகு குரலை இறக்கி, "பொன்னுச்சாமி வெடி மீன எடை போட்டது யாரு அக்கா, நானா?" என்றான். நான்தான் என்றேன், அதையும் சேர்த்துத்தான் போலீஸில் எழுதிக்கொடுக்கப் போகிறேன் என்றேன். அதற்கும் அசையவில்லை, தாராளமாக எழுது என்று சட்டையை உதறிக்கொண்டு எழுந்தான். அப்போதுதான் சோணையம்மாள் காதைச் சொன்னேன். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி, "எந்தக் காது?" என்றான். வலது என்றேன். "அவ மேக்க போறேன்னுல்ல சொன்னா, மேக்க போறேன்னுல்லக்கா சொன்னா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். நாற்பத்தெட்டு வயது ஆள், எத்தனை புயலில் படகைத் திருப்பிக் கொண்டுவந்தவன். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், தொடவில்லை. கடைசியில், "சரி, ஸ்டேஷனுக்கு எப்படிப் போறதுன்னு சொல்லு" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு நான் தயாராக வரவில்லை, சண்டைக்குத்தான் வந்திருந்தேன்.

பேரனுக்கு ஊசி போடும் நாளைத் தள்ளிப் போடாதே, நைட் டூட்டி முடித்து வெறும் வயிற்றில் தூங்காதே. கருவாட்டில் நெத்திலி மேலே இருக்கிறது, ஜுவைரியாவுக்கும் பாதி கொடு. நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கும் அஞ்சாமல் நூறு வருஷம் இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். ஞாபகம் வைத்துக்கொள், திங்கட்கிழமை மத்தியானம் வரை மாமனுக்கோ அத்தைக்கோ போன் செய்யாதே, அதற்குப் பிறகு கட்டாயம் செய், மாமா என்றே கூப்பிடு. நாளைக்கு யாராவது உன்னிடம் இதைத் திரித்துச் சொல்லக்கூடும், அதனால் நாங்கள் இரண்டு பேரும் பேசி முடித்ததை அப்படியே எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மெரைன் போலீஸ் ஸ்டேஷனுக்கு அவனே வருவான், நான் கூடப் போவேன், வராவிட்டால் பதினொரு மணிக்கு நான் எழுதிக்கொடுப்பேன். மிச்சம் இருக்கிற வெடியை அவன் தொடமாட்டான், இருக்கும் இடத்தைக் காட்டுவான், கொடுத்த குவாரிக்காரன் பெயரையும் சொல்வான். ஜாமீனுக்கு வக்கீல் நான் வைப்பேன், செய்யவில்லை என்று சொல்ல வைக்கமாட்டேன். நான் அன்றைக்குப் பொன்னுச்சாமியிடம் வாங்கியதையும் இப்போது மதுரைக்கு ஏற்றியதையும் அவனுக்கு முன்னால் நானே சொல்வேன். அவன் உள்ளே போய்த் திரும்பி வரும்வரை சோணையம்மாள் நம்ம கம்பெனியில் எடைத் தராசில் உட்காருவாள், மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதே கூலி. அவன் கேட்டது ஒன்றே ஒன்று, அவளிடம் அவன் வாயால்தான் சொல்வான், ஞாயிற்றுக்கிழமை சொல்வான், அதுவரை நான் வாய் திறக்கக்கூடாது. ஒத்துக்கொண்டேன், அவளுக்கு இடது பக்கமாக உட்கார்ந்து, கேட்கிற மாதிரிச் சொல்லவேண்டும் என்ற பேச்சின்மேல்.

இப்படிக்கு
உன் அம்மா
பாண்டியம்மாள்