உமது தமிழில் தூங்கும்

உமது மகன் உமது குடையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டான். அதற்குள் நித்திரையாயிருந்த இரண்டு வௌவால்களையும் செத்தவை என்று சேர்த்தே போட்டான். இதை முதலில் சொல்லாமல் உமக்கு வேறெதையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

குடை இப்போது என் கராஜில் சாய்ந்து நிற்கிறது. அதைச் சுற்றி நீர் கட்டிய வேட்டிக்கரைத் துண்டைச் சற்று முன் அவிழ்த்தேன். நீர் முழங்காலுக்குப் பூசும் தைலம் இன்னும் மணக்கிறது. உம்மைக் கொண்டுபோய் எரித்தாயிற்று. தைலம் மட்டும் போகவில்லை.

வெரிபீயில் நாம் அறிமுகமான முதல் குளிர்காலம் நினைவிருக்கிறதா? உமது பின்வளவில், நட்டு மடித்து வைத்த பெரிய வெயில் குடைக்குள் தலையை விட்டபடி கூப்பிட்டீர்.

"இங்க வாரும்வே. உள்ள என்னமோ தூங்குது."

எங்கள் ஊரில் தூங்குவது என்றால் தொங்குவது, உமது ஊரில் நித்திரை. நான் எட்டிப் பார்த்தேன். தீப்பெட்டி அளவில், நீண்ட காதுகளோடு இரண்டு.

"தூங்கிறது தெரியுது. உயிர் இருக்கோ எண்டு பாரும்."

"அதான் தூங்குதுன்னு சொல்லுதேன்லா!"

"தூங்கினால் உயிர் இருக்கெண்டு அர்த்தமோ?"

"பின்ன? செத்தது தூங்குமாவே?"

"ஏன், இறைச்சிக்கடையில ஆடு தூங்கிறேல்லையோ?"

நீர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருமும் வரை சிரித்தீர். "ஆடு தூங்குதாம்லா!" என்று மனைவியையும் கூப்பிட்டுச் சொன்னீர். அதற்குப் பிறகு உமது குடும்பத்தில் என் பெயரே ஆட்டுக்காரர் ஆகிப் போயிற்று. வௌவால் ஒன்றுதான் நம் இருவர் தமிழுக்கும் பொது என்று முடிவு செய்தோம்: அது தூங்கிக்கொண்டே தூங்கும்.

நான் பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவன் அல்லன். நூலகத்தில் அகராதியோடு இருந்து வாசித்து வந்து உமக்குச் சொன்னேன். குளிர் இறங்க இறங்க இந்தச் சின்ன வௌவாலின் உடம்பும் காற்றளவு குளிர்ந்துவிடும். நெஞ்சு எப்போதோ ஒருமுறை அடிக்கும். தொட்டுப் பார்த்தால் செத்ததுதான். ஆனால் இலையுதிர்காலத்தில் தின்று சேர்த்த கொழுப்பைத் துளித்துளியாக எரித்து அது வசந்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இடையில் எழுப்பினால் அந்தக் கொழுப்புத்தான் கரையும். திரும்பச் சேர்க்கக் குளிரில் பூச்சி கிடையாது.

நீர் உடனே உள்ளே போய் ஒரு வேட்டியைக் கிழித்தீர். குடையைச் சுற்றி, கீழே அவை போய்வர இடம் விட்டு, தளர்வாகக் கட்டினீர். "வாட்டில் பூ உதிருத வரைக்கும் இந்தக் குடையை எவனும் விரிக்கப்படாது" என்றீர். குளிர் முடியும்போது மஞ்சளாய்ப் பூத்து உதிரும் மரம் அது. அடுத்த குளிர்காலங்களிலும் அதுவே சட்டம். வெயிலோ தூறலோ, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோம்.

இந்தக் குளிர்காலம் நீர் இல்லை. குளிர்காலமும் ஒழுங்காக இல்லை. பூமியின் இந்தத் தென்பாதியில் நடுக்குளிரான ஜூலையில், சூடான வடக்குக் காற்று அடித்து, சனம் அரைக் காற்சட்டையோடு திரிந்தது. உமது மகன் போன் எடுத்தான்.

"அங்கிள், அப்பாவோட வௌவால் பட்டப்பகல்ல பறக்குது. சம்மர்னு நினைச்சுக்கிச்சா?"

"ஓம் தம்பி, ஏமாந்து போச்சுதுகள். குடையில கை வைக்காதை."

பூச்சியில்லாத வெயிலில் அவை சும்மா சுற்றிவிட்டுத் திரும்பின. பிறகு ஒரே நாளில் குளிர்ந்த தெற்குக் காற்று திரும்பிற்று. கண்ணாடியில் உறைபனி. மறுபடி போன்.

"அங்கிள், ரெண்டும் அசையல."

"தூங்குதுகளோ?" என்று கேட்டேன். பிடி விட்டு விழுந்துவிட்டனவா என்பதுதான் என் பயம்.

"இல்ல அங்கிள், தூங்கல. ஐஸ் மாதிரி இருக்கு. செத்துப்போச்சு."

"தொடாதை, வாறன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது குடை தொட்டிக்குள் தலைகீழாக நின்றது. வீடு விற்கப் பின்வளவைத் துப்புரவாக்கும்படி ஏஜென்ட் சொன்னாராம். கையுறை போட்டுத் துணியை விலக்கினேன். இரண்டும் நகத்தால் பற்றியபடி தூங்கின, என் தமிழில். உமது தமிழில் தூங்கினவா என்பது எனக்குத் தெரியவில்லை.

குடையை அப்படியே என் கராஜுக்குக் கொண்டுவந்தேன். காட்டுயிர் பராமரிக்கும் பெண் ஒருத்தி வந்து பார்த்தாள். ஒன்றுக்கு உயிர் இருந்தது, அதை அவள் கொண்டுபோனாள். மற்றது போய்விட்டது. செத்தாலும் இவற்றின் நகப்பிடி விடாதாம். செத்ததும் தூங்கும் என்று நான் அன்று பகிடிக்குச் சொன்னேன். அது மெய்யாக வேண்டும் என்று கேட்டேனா?

நீர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளிலும் அவன் போனில் இதே சொல்லைத்தான் சொன்னான். "அப்பா தூங்குறார் அங்கிள், நாளைக்கு வாங்க." நான் பஸ் தரிப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பினேன். விடியுமுன் நீர் இல்லை. ஓடிவந்து உமது கையைத் தொட்டுப் பார்க்க விடாத அந்தச் சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவன் நல்ல பிள்ளைதான். அதனால் மன்னிக்க வேண்டும் என்று இல்லை.

ஆகவே இதைச் சொல்லி வைக்கிறேன். உமது மகன் குடையைப் பழைய இடத்தில், பழைய மூலையில் நட்டு வைக்க வேண்டும். தப்பிய வௌவாலை, எடுத்த இடத்திலேயே விட அந்தப் பெண் வருவாள். வாட்டில் பூ உதிரும் வரை ஏஜென்ட் தன் விற்பனைப் பலகையோடு காத்திருக்க வேண்டும், வீடு ஓடிவிடாது. இந்தப் புதுக் குடியிருப்புக்காக, வௌவால் தங்கும் முதுமரங்களை வெட்டியவர்கள், பொந்து விழும் மரங்களைத் திரும்ப நட்டு, பொந்து விழும்வரை உயிரோடிருந்து காவல் காக்க வேண்டும். குளிர்காலத்தைக் குழப்பியவர்கள், என் வீட்டு ஹீட்டர் உட்பட, பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் வௌவாலை விடும் நாள் அந்தியில் நான் அங்கே நிற்க வேண்டும். வேட்டிக்கரை என் கோட்டுப் பையில் இருக்கிறது. உமது முடிச்சு எனக்கு வராது. எனக்குத் தெரிந்த முடிச்சைப் போடுவேன்.

நீர் ஒன்றும் செய்ய வேண்டாம். தூங்கும். உமது தமிழில்.