அப்பாவின் காலிப் பெட்டிகள்

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. போன செவ்வாய்க்கிழமை காலை நம் கண்ணாடிக் கிடங்கில் பெரிய அடுக்கு முழுதாகச் சரிந்துவிட்டது, யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, நாங்கள் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். நான் எழுத உட்கார்ந்தது உன் அப்பாவைப் பற்றி. மூளையில் அடைப்பு வந்து எழுந்த நாள் முதல் அவர் வாயில் வருவது எந்த ஊர் வார்த்தையும் இல்லை என்பது நீ போனில் கேட்டதுதான். கூடவே இருந்து கேட்டால் வேறு மாதிரி. கேள்வி கேள்வியாகவே வருகிறது, அதட்டல் அதட்டலாகவே வருகிறது. பேச்சின் பெட்டி பழைய பெட்டிதான், உள்ளே இருக்கும் வார்த்தைச் சரக்குதான் யாருடையதோ. முப்பது வருஷம் கண்ணாடி விற்றவளுக்குப் பெட்டியின் கட்டைப் பார்த்தாலே உள்ளே எது உடையும் என்று தெரியாதா. நம் தச்சர்கூட, "அக்கா, அண்ணன் சொல்றது ஒண்ணும் புரியல, ஆனா என் கை தானா செஞ்சுடுது" என்று சிரித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிடங்கை விலைக்கு வாங்க வந்தவரோடு தச்சரும் நானும் உள்ளே நுழையப் போனோம். வாசல் நாற்காலியில் இருந்த அப்பா நிதானமாக, "பெம்பலு தொவுறினா ஞொக்குல மெழவாதே" என்றார். வந்தவர், "என்னய்யா, மந்திரமா?" என்று கேலி செய்தார். கேலி செய்தவர் காலும் நகரவில்லை, எங்கள் காலும் நகரவில்லை. ஏதோ நடந்தால் எதற்குள்ளோ எதையோ செய்யாதே என்கிறார், வார்த்தைகளின் வாலை வைத்து அவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டது. அப்போதுதான் உள்ளே அடுக்கு விழுந்தது. அடுக்கின் மரக்காலைக் கரையான் அரித்திருந்ததாம், காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் மறுநாளிலிருந்து விடிந்ததும் உன் போட்டோ முன்னால் நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார், "சிட்டு, மொரலி பெவுந்தா தெஞ்சுல நமுறாதே." அதே கட்டு, அதே நிதானம். அதில் தெரிந்த வார்த்தை உன் பேர் ஒன்றுதான். என்ன நடந்தால், எங்கே, எதைச் செய்யக் கூடாது? காகிதத்தில் எழுதி வைத்துப் பார்க்கிறேன், ஓட்டை ஓட்டையாக நிற்கிறது. நான் பயந்தவள் இல்லை, உனக்கே தெரியும். தினமும் வெளியே கிளம்பும் முன் அப்பாவுக்குப் போன் போடு, குறுக்கே பேசாமல் கடைசிவரை கேள். காரணமில்லாமல் உன் கால் நின்றால் நிற்கட்டும், வேலை போனால் போகிறது, அம்மா இருக்கிறேன். நீ நூறு வயசு நன்றாக இருப்பாய், போனை மட்டும் மறக்காதே.

கிடங்கு விற்றாயிற்று. வாங்கியவர் பேரமே பேசவில்லை, தினமும் கதவு திறக்கும் முன் அப்பா வந்து அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் நிபந்தனை. சரி என்றேன். உன்னோடு அப்பா போனில் பேசி முடித்த பிறகுதான் கதவு திறக்கும் என்று நானும் ஒரு வரி சேர்த்தேன், மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

உன் அம்மா