எல்லாம் ஓகே சார்

அம்மாபேட்டை,
12 பிப்ரவரி 2026

அன்புள்ள சித்தீக்,

ஆன்டோ எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே. போனில் நீ என்னை பிளாக் செய்து வைத்திருப்பது நியாயம்தான். அதனால்தான் தாளில் எழுதி, நாளை மறுநாள் ஓமானுக்குக் கிளம்பும் உன் மச்சான் சுஹைபிடம் கொடுத்து அனுப்புகிறேன். ராஜகிரியில் உன் வீட்டில் நஜ்மாவும் பிள்ளைகளும் சுகம். நான் போனபோது நோன்பு வருவதற்காக வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள்.

இங்கே சம்பா அறுவடை. ஈர நெல் லாரி லாரியாக மில் வாசலில் நிற்கிறது. இரண்டு ஷிப்ட்டும் ஓடுகிறது. எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து போகிறேன். யாராவது என் அறை வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பினால், பின்னாலேயே போய் என்னவென்று கேட்கிறேன். ஒன்றுமில்லை என்கிறார்கள். அதைக் கேட்டபின் நானே போய் அந்தப் பக்கம் சுற்றிப் பார்க்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் இருபத்தெட்டாம் தேதி காலையில் எலிவேட்டர் ஓட்டும் ரெங்கசாமி அண்ணனின் வலது கை பெல்ட்டில் சிக்கி, இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. பத்து நாளாகவே பெல்ட் நழுவியிருக்கிறது. நழுவும்போதெல்லாம் அவர் கையால் தள்ளித் தள்ளி ஓட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. தினமும் ஏழரை மணிக்குக் கூட்டம் போட்டு, "ஏதாவது பிரச்சினை இருந்தா ஓப்பனா சொல்லுங்க" என்று கேட்டவன் நான். கைகட்டி நின்று, "எல்லாம் ஓகே சார்" என்று சொன்னவர்கள் அவர்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றேன். அவர் கோபப்படவில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "சித்தீக் சொன்னான், பாத்தோமே சார். அதுக்கப்புறம் யாரு சொல்லுவா?" என்றார். முன்பெல்லாம் என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர் அவர்.

நீ சொன்னது போன மே மாதம். நான் சூப்பர்வைசர் ஆகி, திருச்சியில் ஒரு ஓட்டலில் தலைமைப் பண்பு, தகவல் தொடர்பு என்று இரண்டு நாள் பயிற்சி முடித்து, ஃபைலும் சான்றிதழுமாக வந்த வாரம். முதல் கூட்டத்திலேயே நீ கை தூக்கினாய். நெல் காயவைக்கும் ட்ரையரின் மீட்டர் சூட்டைக் குறைத்துக் காட்டுகிறது, நெல்லைக் கையில் பிடிக்க முடியவில்லை என்றாய். ஒன்பது வருஷம் ட்ரையரில் நின்றவன் சொன்னது. ஆனால் என் காதில் விழுந்தது வேறு. நேற்றுவரை என் டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன் எல்லோர் முன்னாலும் என்னைச் சோதிக்கிறான் என்று நினைத்தேன். "மீட்டர் சரியாத்தான் இருக்கு, நீ தூங்காம பாரு" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வாரம், சூடு அதிகமாகி அரிசி உடைந்து நொய்யாக வந்தபோது, முதலாளி இராஜாங்கம் உன்னைக் களத்தில் நிற்க வைத்துத் திட்டினார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றே நீ வேலையை விட்டாய். பத்தாம் நாள் மெக்கானிக் வந்து, மீட்டர் பழுது என்று சொல்லி வேறு மாட்டினார். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ரெங்கசாமி அண்ணனைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள், முதலாளியும் இருந்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். சித்தீக் சொன்னதுதான் சரி, நான் அவனைப் பேச விடவில்லை, அவன் மேல் பழி வந்தபோது வாய் திறக்கவில்லை என்றேன். முதலாளி எழுந்து போய்விட்டார். நான் கூட்டத்தை முடிக்காமல் நின்றேன். பேக்கிங்கில் இருக்கும் செம்மொழி அக்கா, "எங்க ஸ்விட்ச் போர்டுல மூணு மாசமா ஷாக் அடிக்குது சார். குச்சியாலதான் தட்டுறோம்" என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். அப்புறம் ஒவ்வொருவராகப் பேசி, கூட்டம் முடிய ஒன்பது மணி. அன்றே அந்தப் பக்கத்து மின்சாரத்தை நிறுத்தி எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். "ஆளுங்க முன்னாடி தப்ப ஒத்துக்கிட்டா நாளைக்கு எவன்யா உன்ன மதிப்பான்?" என்றார். சம்பா முடியட்டும், உன் வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்றும் சொல்லியிருக்கிறார். என் மனைவி ஃபிளோரா பயந்துபோய் இருக்கிறாள். எனக்கும் பயம்தான். நான் திருந்திவிட்டேன் என்றும் நினைக்காதே. முந்தாநாள் மூட்டை இறக்குகிறவர்களிடம் மறுபடி கத்திவிட்டேன். திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அதுவும் எனக்கு ஒழுங்காக வரவில்லை.

நீ கேட்டும் நான் இழுத்தடித்த அனுபவச் சான்றிதழை இத்துடன் வைத்திருக்கிறேன். மே மாதம் நடந்த நஷ்டம் உன் தவறால் வந்ததல்ல என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். முதலாளி கையெழுத்துப் போடவில்லை. சூப்பர்வைசர் என்று நானே போட்டிருக்கிறேன். செல்லுமோ செல்லாதோ, வைத்துக்கொள்.

உன்னைத் திரும்பி வரச் சொல்ல எனக்கு வாயில்லை. மன்னிக்கும்படியும் கேட்கவில்லை. ஆனால் ஒன்று என்னைப் படுத்துகிறது. ஓமானில் சொஹார் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் நீ பாய்லர் பக்கம் நிற்பதாக சுஹைப் சொன்னார். உள்ளதைச் சொன்னால் என்ன கிடைக்கும் என்று உனக்குக் காட்டியவன் நான். அங்கே ஏதாவது தப்பாக ஓடுவது உன் கண்ணில் படும்போது, என் முகம் ஞாபகத்துக்கு வந்து, நமக்கெதற்கு என்று நீ பேசாமல் இருந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது.

எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் சரி. அங்கே உனக்கு மேலே இருப்பவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் சொல்லிவிடு சித்தீக். அவர் கேட்காவிட்டால் மறுபடியும் சொல்.

ஆண்டவன் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆன்டோ